வண்டு விழுந்த கோதுமை

ரெஜினாவின் மகள் ஜோவிட்டாவுக்கு ஏழு வயது. வேளைக்கு நான்கு சப்பாத்தி தின்றாள். ஆனாலும் மாதாமாதம் எடை குறைந்துகொண்டே வந்தது. அரிசி கண்ணில் படாமல் போன பிறகு தூத்துக்குடியில் எல்லா வீட்டிலும் கோதுமைதான்.

"இப்ப விக்கிறது பூச்சிக்குச் செரிக்கக் கூடாதுன்னு உருவாக்கின புது ரகக் கோதுமை," என்றார் டாக்டர். "சில பிள்ளைங்களுக்கும் செரிக்கிறதில்ல. பழைய ரகம் எங்கயாவது கிடைச்சா குடுங்க."

"பழைய ரகம்னு எப்படி டாக்டர் தெரியும்?"

"வண்டு விழுந்திருக்கும்."

மறுநாள் முழுக்க ரெஜினா கடை கடையாக ஏறி இறங்கினாள். வண்டு விழுந்த கோதுமை கேட்டதும் ஒரு கடைக்காரர் சிரித்தார். இன்னொருவர், பன்னிரண்டு வருடமாகத் தன் கடையில் வண்டே கிடையாது என்று கோபப்பட்டார். சாயங்காலம் மளிகைக்கடை தங்கபாண்டி அண்ணாச்சி மட்டும் அவளை உள்ளே கூட்டிப்போய் ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டினார். கோதுமை மணியெல்லாம் ஓட்டை. மேலே வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

ரெஜினாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அஞ்சு கிலோ போடுங்க அண்ணாச்சி. எம்புள்ள பொழைச்சிரும்."

அண்ணாச்சி தராசுப் பக்கம் போகவில்லை.

"இது போன மாசம் வந்த புது ரகக் கோதுமைதாம்மா. இப்ப எங்கடையில எல்லா மூட்டையும் இப்படித்தான் கெடக்கு. வண்டு இதையும் திங்கப் பழகிட்டு."

ரெஜினா மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். விரல்களில் ஏறி வந்த வண்டுகள் நன்றாகக் கொழுத்திருந்தன.