பொதுக் கருவி

ரத்தத்திலிருந்து புற்றுநோய்ச் செல்களை உயிரோடு பிரித்தெடுக்கும் கருவிக்கு இந்திராணி தனியாகத்தான் மானியம் கேட்டிருந்தாள். பக்கத்து ஆய்வகத்து ஆரோக்கியராஜ் ஒருநாள் வீட்டுக்கே வந்து சாப்பிட்டுவிட்டுச் சொன்னான்: "அக்கா, பொதுக் கருவின்னாத்தான் பணம் குடுப்பாங்க. உங்களோடத வாபஸ் வாங்கிடுங்க. ரெண்டு லேபும் சேர்ந்து என் பேர்ல போடலாம். யார் பேர்ல வந்தா என்ன, நம்ம மெஷின்தானே?" அவள் தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதோடு, அவனுடையதை உட்கார்ந்து எழுதியும் கொடுத்தாள்.

கருவி வந்தது. முதல் நாளே வார்டிலிருந்து ஒரு குழந்தையின் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு ஓடினாள். 'பொதுப் பயன்பாட்டு மையம்' என்ற பலகைக்குக் கீழே கதவில் கைரேகைப் பூட்டு இருந்தது. விரலை வைத்தாள், சிவப்பு விளக்கு எரிந்தது. ஈரமோ என்று புடவையில் துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடியும் சிவப்பே எரிந்தது. கதவைத் தட்டினாள்.

சத்தம் கேட்டு ஆரோக்கியராஜ் வெளியே வந்தான். கதவு அவன் பின்னால் தானே சாத்திக்கொண்டது.

"இந்த வருஷம் பூரா எங்க லேபுக்கே சரியா இருக்கு, மேடம். ஒரு மெயில் போடுங்க, பார்க்கலாம்."

மேடம் என்ற சொல்தான் அவளைச் சுட்டது. மீன்குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அக்கா என்று கேட்ட அதே வாய்.

"சாயந்திரத்துக்குள்ள இந்த செல்லெல்லாம் செத்துடும்டா" என்றாள்.

அவன் தரையைப் பார்த்தான். அவள் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவன் கையைப் பிடித்துக் கட்டைவிரலைப் பூட்டின் மேல் அழுத்தினாள். பச்சை எரிந்து கதவு திறந்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை, வழியையும் விடவில்லை.