கையெழுத்துக் கேட்காத பூட்டு

ஆறரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். ஒரு டம்ளர் டீ போட்டான். லேப்டாப்பைத் திறந்து 'போயிட்டு வரேன்' என்று அடித்தான்.

தவறு.

கடைசியில் புள்ளி வைத்தான். தவறு. புள்ளியை எடுத்து, இடைவெளியையும் எடுத்தான். தவறு.

பத்து மாதமாக இதுதான் அவன் காலைக்கடன்.

லேப்டாப்பில் இருந்த அந்தப் பூட்டு, அவன் மனைவி எழுதிய கணினி நிரல். கிரிப்டோ கம்பெனியில் புரோகிராமர் அவள். ஊரெல்லாம் உரிமையாளரின் டிஜிட்டல் கையெழுத்துக்கு மட்டும் திறக்கும்படி கிரிப்டோ நாணயத்தைப் பூட்டும். அவளுக்கு அது சப்பென்று இருக்கும். யார் தட்டினாலும் திறக்கும் பூட்டு, எந்தக் காலத்திலும் திறக்காத பூட்டு என்று கோணல்மாணலாக எழுதிப் பார்ப்பாள்.

போன கல்யாண நாளுக்கு இவனுக்கென்று ஒன்று எழுதினாள். ஒரே ஒரு வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் அடித்தால் திறக்கும். உள்ளே இருக்கும் நாணயம் ஒரு குடை வாங்கக்கூடக் காணாது.

துப்பு இது: 'தினமும் கதவைச் சாத்தும் முன் நான் உன்னிடம் கடைசியாகச் சொல்வது.'

ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றான். எட்டு ஞாயிறு போயிற்று. ஒன்பதாவது வாரம் அவள் ஏறிய பஸ் கவிழ்ந்தது.

'போ' என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பூட்டுக்கு வேறு வேறு. இரண்டையும் அடித்துப் பார்த்துவிட்டான். 'கிட்டே வந்துவிட்டாய்' என்று சொல்லத் தெரியாத பூட்டு. மேஜையைக் குத்திக் குத்தி விரல் வீங்கியதுதான் மிச்சம்.

ஒரு வருடம் கெடு வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் அண்ணன் கையெழுத்துக்கும் திறக்கும். இன்று ஒன்பது மணிக்குக் கெடு முடிகிறது.

எட்டே முக்காலுக்கு அண்ணன் போன் செய்தார்.

"மாப்ள, ஒன்பதுக்கு நானே திறந்து உனக்கே அனுப்பிடுறேன், விடு. அஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியும் ஒரு வரி தெரியலன்னா, வீட்டுக்காரனா இருந்தியா, விருந்தாளியா இருந்தியா?"

போனை வைத்துவிட்டான்.

அண்ணன் திறந்தால் நாணயம் வரும். வாக்கியம் வராது.

கடைசியாக என்ன சொன்னாள் என்று சாவு வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். போயிட்டு வரேன்னு சொன்னா, என்றான். மாமியார் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

எட்டு ஐம்பத்தாறு.

அவள் அப்படிச் சொல்லவே இல்லை.

பஸ் ஏறப் போன அன்று, ஒரு காலில் செருப்பு மாட்டியபடி கதவருகே நின்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் 'ம்' கொட்டினான். அன்றைக்கு மட்டுமல்ல. என்றைக்கும் அந்த 'ம்'தான். என்றைக்கும் அதற்குப் பின்னால் அவளிடமிருந்து அதே ஒரு கேள்வி. பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்சம் நிற்பாள். பிறகு கதவைச் சாத்துவாள்.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பூட்டிடமும்.

திரையில் அடித்திருந்ததை அழித்தான். ஒவ்வோர் எழுத்தாக அடித்தான்.

'இப்ப நான் என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்?'