கேள்விகள் கடைசியில்

மாலை போட்ட கிடாயோடு ஜனம் காத்திருப்பதைப் பார்த்ததும் சண்முகராஜுக்கு இளக்காரமாகச் சிரிப்பு வந்தது. ஊருணித் தண்ணீர் சிவந்துவிட்டது, ஆடு செத்துவிட்டது என்று மில்லுக்கு மனு மேல் மனு எழுதிய ஊர். அதிகாரி வருகிறார் என்றதும் கிடாய்க்கு மாலையைப் போட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டது.

அவர் கோவில்பட்டிப் பக்கத்து மில் ஒன்றின் மக்கள் தொடர்பு அதிகாரி. 'நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்று இந்த ஊருக்குக் கடிதம் போட்டவரும் அவர்தான். இன்று மில்லுக்குக்கூடப் போகாமல் வீட்டிலிருந்து நேராகக் காரில் வந்திருந்தார்.

நாற்பது பேர் இருக்கும். தூக்குச்சட்டியும் துணிமூட்டையுமாக, கரிசல் புழுதி அப்பிய கால்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, காரில் கொண்டுவந்திருந்த மைக்கைப் பிடித்தார்.

முன்னால் இருந்த வெயிலுகந்தம்மாள் எழுந்தாள். "அய்யா, நாங்க வந்து..."

"உக்காரும்மா. கேள்வியெல்லாம் கடைசியில."

ஒரு மணி நேரம் பேசினார். மில்லிலிருந்து வருவது கழிவே இல்லை, கொஞ்சம் நிறம் சேர்ந்த நல்ல தண்ணீர் என்றார். சாவது ஆட்டின் குணம் என்றார்.

நடுவில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "எங்களுக்கு என்னன்னா அண்ணாச்சி..."

"பேச விடுங்க பெரியவரே. இதுக்குப் பேருதான் உரையாடல்."

மற்றவர்கள் ரோட்டைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். இதுகளுக்குப் புரிந்தால் என்ன, புரியாவிட்டால் என்ன என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பேச்சு முடிந்ததும் ஆளுக்கொரு மில் காலண்டர் கொடுத்தார். வாங்கியதற்கு அத்தாட்சி என்று சொல்லி ஒரு தாளில் வரிசையாகக் கைநாட்டு வாங்கினார். தாளின் தலைப்பில், 'ஊருணித் தண்ணீரில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை' என்று டைப் அடித்திருந்தது.

படிக்கத் தெரிந்த ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். "நமக்கென்ன குறை?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டார்.

சண்முகராஜ் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். இனி கலெக்டரே கேட்டாலும் பதில் பையில் இருக்கிறது. இத்தனை மனு எழுதிய ஊர் பத்துப் பைசா பெறாத காலண்டருக்கு வாயை மூடிக்கொண்டது.

காரில் ஏறப்போனவருக்கு, பத்திரிகைக்குக் கொடுக்க ஒரு வரி வேண்டுமே என்று தோன்றியது. அன்றைக்கு முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, உங்க ஊரப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லு."

"எங்க ஊரு குளத்தூருய்யா" என்றாள் வெயிலுகந்தம்மாள். "கெடா வெட்டக் கோயிலுக்குப் போறோம். விடியக்காலம் பஸ்ஸு ரிப்பேராகி நின்னுபோச்சு, வேற பஸ்ஸுக்காக இங்கன உக்காந்திருக்கோம்."

அவருடைய கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. "அப்போ இந்த ஊர்க்காரங்க?"

"அவிய எல்லாரும் வெள்ளனயே லாரி ஏறி உங்க மில்லு வாசலுக்குப் போயிட்டாவளே, உங்ககிட்டப் பேசணும்னு."