தூக்கும்மா

“தூக்கும்மா” என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிய குழந்தையைப் பாதி வழியிலேயே மறித்துத் தூக்கினாள் நிர்மலா.

“அம்மாகிட்ட போவக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?”

மூன்று வயது மகள் அத்தையின் தோளில் கிடந்து கதறினாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த சுபஸ்ரீ மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னசேலத்திலிருந்து தங்கை சுபஸ்ரீயைப் பார்க்கக் கள்ளக்குறிச்சி வந்திருந்த செந்தமிழ்ச்செல்விக்குப் பொறுக்கவில்லை. காலையிலிருந்து இது மூன்றாவது முறை.

மார்பில் புற்றுநோய் என்று தங்கைக்குக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்து இரண்டு வருடம் ஆகிறது. மெஷினில் யாரோ அளவைத் தப்பாகப் போட்டு, வைக்க வேண்டியதற்கு இரண்டு மடங்கு வைத்துவிட்டார்கள். பிறகு ஆஸ்பத்திரியே ஒப்புக்கொண்டது. வலது பக்கம் முழுக்க வெந்து, ஆறு மாதம் பிள்ளையை மடியில் போட முடியாமல் கிடந்தாள். இப்போது புண்ணும் ஆறி, நோயும் போய்விட்டது. இனிமேலாவது கொஞ்சட்டும் என்றால் நாத்தனார் விடவில்லை.

“ஏன் நிர்மலா, கரண்டு வச்ச ஒடம்பு புள்ளைக்கு ஒட்டிக்கும்னு பயமா?”

நிர்மலா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தாள்.

“பெத்தவ நீயா, அவளா?” என்று தங்கையிடம் சீறியவள், குழந்தையைப் பிடுங்கி அவள் முன்னால் நீட்டினாள். “இந்தா, வாங்கு.”

சுபஸ்ரீயின் இடது கை மட்டும் நீண்டது. வலது கை மடியை விட்டு எழவில்லை.

அதற்குள் நிர்மலா பாய்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். “நான் இருக்கிற வரைக்கும் குடுக்கமாட்டேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டாள்.

“கெட்ட அத்தை, கெட்ட அத்தை” என்று குழந்தை அவள் முதுகில் அடிப்பது கேட்டது.

“கைக்கு இன்னாடி ஆச்சு?”

“வெளிய ஆறிப்போச்சுக்கா. உள்ள நரம்பு செத்துக்கினே வருதாம். போன மாசம் ஆசையா தூக்கினேன். கீழ வுட்டுட்டேன்.” சுபஸ்ரீ வாசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மத்தியானம் அது தூங்கினதும் நிர்மலா கொண்டாந்து என் பக்கத்துல படுக்க வைப்பா. அப்ப மோந்து பாத்துக்குவேன்.”

செந்தமிழ்ச்செல்விக்குக் குரல் இறங்கிவிட்டது.

“அதச் சொல்லாம, அவளுக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு?”

“அவதான்க்கா சொன்னா. ‘கேட்டும் நீங்க தூக்கலன்னா, அம்மாவுக்கு என்னைப் புடிக்கலன்னு புள்ள நெனச்சிக்கும் அண்ணி. அத்தை வுடலன்னே நெனச்சிக்கினு இருக்கட்டும்’னு.”