சுற்றிப் பார்க்க ஒரு வீடு

இரண்டு கேமராக்களையும் மேஜை மேல் எடுத்து வைத்துவிட்டு, எது வேண்டும் என்று கேட்டார் கடைக்காரர்.

தம்பிக்காரனுக்கு இரண்டுமே வேண்டாம். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒன்று உள்ளங்கைக்குள் அடங்குவது, முன்னும் பின்னும் கண் வைத்தது. அறை நடுவில் நிறுத்தி ஒரு தட்டுத் தட்டினால், தரையிலிருந்து கூரை வரை மொத்தமும் வந்துவிடுமாம். இன்னொன்று பெரியது. ஸ்டாண்டில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எட்டுப் படம் எடுக்க வேண்டும். பிறகு சாஃப்ட்வேர் அந்த எட்டையும் ஒட்டுத் தெரியாமல் தைத்துக் கொடுத்துவிடும்.

கடைக்காரர் நல்ல மனுஷர். தொண்டை வறள விளக்கினார். எதில் எடுத்தாலும் சரி, கண்ணாடி இருக்கிற அறையில் மட்டும் ஜாக்கிரதை என்றார். எடுக்கிற ஆள் அதில் விழுந்துவிட்டால் காரியமே கெட்டது, பார்க்கிறவர்கள் கண் நேராக அங்கேதான் போகும்.

தம்பிக்காரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். காது மட்டும் சட்டைப் பையில் இருந்த போன் மேலேயே இருந்தது.

அக்கா எந்த நேரமும் கூப்பிடுவாள்.

கடல் தாண்டி இருக்கிறாள். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு இனி அவ்வளவு தூரம் பயணம் கூடாது என்றாகிவிட்டது. கண்ணில் மாட்டிக்கொண்டு பார்க்கிற பெட்டி ஒன்றை அவள் மகன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். மாட்டிக்கொண்டு திரும்பினால் அந்த இடத்திலேயே நிற்கிற மாதிரி இருக்குமாம். அன்றிலிருந்து ஒரே பாட்டு. அப்பா அம்மா விட்டுப் போன வீட்டை அப்படி எடுத்து அனுப்புடா, கால் நோகாமல் ஒரு நடை நடந்து பார்த்துக்கொள்கிறேன் என்று.

மழை என்றான். பெயின்ட் அடிக்கிறார்கள் என்றான். சாவி பூட்டுக்குள் முறிந்துவிட்டது என்றுகூட ஒரு நாள் அளந்தான். அத்தனையையும் அக்கா நம்பினாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நேற்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். நல்ல கேமராவாகப் பார்த்து வாங்கி, நாளைக்கு ஒரு ரூமையாவது காட்டிவிடு. அம்மா ரூம்.

தம்பிக்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பென் டிரைவை நீட்டினான். பழைய படங்களாக இருந்தாலும் சாஃப்ட்வேர் தைக்குமா என்று கேட்டான். கேட்கும்போதே நாக்கு கூசியது.

எதற்குப் பழசு, நேரில் போய்ப் புதிதாகவே எடுத்துவிடலாமே, வேண்டுமானால் நானும் கூட வருகிறேன் என்றார் கடைக்காரர். ரொம்பத் தூரம் என்றான் தம்பிக்காரன். இரண்டு தெரு தள்ளித்தான் அந்த இடம்.

படங்களின் ஓரத்தில் இருந்த தேதியை நேற்றே வெட்டி எறிந்திருந்தான். சுவரில் தொங்கிய காலண்டரையும் அழித்தாயிற்று. அவ்வளவு முன்ஜாக்கிரதை.

ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் ஓரம் கொஞ்சமாவது இருந்தால்தான் தைக்க முடியுமாம். இருந்தது. யாரோ அறை நடுவில் நின்று, சுற்றிச் சுற்றிப் பொறுமையாக எடுத்திருக்கிறார்கள் என்று கடைக்காரர் மெச்சினார். யார் எடுத்தது என்று தம்பிக்காரனுக்கு ஞாபகமில்லை. பழைய கம்ப்யூட்டரில் கிடந்தவை, அவ்வளவுதான்.

பத்தே நிமிஷத்தில் அம்மாவின் அறை திரையில் சுழன்றது. கட்டில், ஜன்னல், பீரோ, கதவு, மறுபடி கட்டில். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து தம்பிக்காரன் ஒட்டுகளைத் தேடினான். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தப்பித்தோம்டா சாமி என்று நினைத்து, அப்போதே படத்தை அக்காவுக்கு அனுப்பிவிட்டான்.

அனுப்பிய கையோடு பர்ஸை எடுத்து எவ்வளவு என்று கேட்டான்.

போன் அடித்தது. அக்காதான். படம் நன்றாக வந்திருக்கிறதா என்று அவனே கேட்டான், குரலில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு.

"பீரோ கண்ணாடியில நான்தான்டா நிக்கிறேன், கேமராவப் பிடிச்சுக்கிட்டு. ஊரை விட்டுக் கிளம்பின அன்னைக்கு எடுத்தேனே, அது." பிறகு கேட்டாள்: "வீடு இருக்கா?"

அவன் திரையைப் பார்த்தான். நின்றுகொண்டுதான் இருந்தாள். பாதி முகத்தைக் கேமரா மறைத்திருந்தது. மீதிப் பாதியில், இருபது வயசு குறைந்த அக்கா.

வீடு இல்லை. வரி கட்ட, தண்ணீர் இணைப்பு மாற்ற உதவும் என்று நம்பி அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தை வைத்துத்தான் போன வருஷம் விற்றான். அப்போதிருந்த நெருக்கடியில் அது தப்பாகவே தெரியவில்லை. வாங்கியவர் ஒரே வாரத்தில் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார். இப்போது அங்கே லாரி நிறுத்துகிறார்கள்.

இத்தனை மாதமும் மூட்டை மூட்டையாகப் பொய் சொன்ன வாய் இப்போது "அக்கா" என்று மட்டும் சொன்னது. அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"சரி. போனை வச்சுராத. இன்னும் ஒரு தடவை சுத்திப் பாத்துக்கிறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. ஜன்னல் பக்கமாகத் திரும்புகிறாள் போலிருக்கிறது.