எண்பதைத் தொட்டால் உதறல்

மலேசியக் கடலோர ஊரான கோலா பெர்லிஸில் என் நண்பர் ஹம்டானின் கிழட்டுக் கார், வேகம் எண்பதைத் தொட்டதும் உதறும். பக்கத்தில் உட்கார்ந்தால் என் பல்செட் பின்சீட்டுக்குத் தாவிவிடும்.

"ஞாயித்துக்கிழமை பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் இதுலதான். உதறல் நிக்கலன்னா வித்துடுங்க" என்று அவர் மனைவி ரொஸ்னா கறாராகச் சொல்லிவிட்டார். காரை விற்பதற்குப் பதில் ஹம்டான் தன் சிறுநீரகத்தையே விற்றுவிடுவார்.

பட்டறையில் மெக்கானிக் ஆ கியோங் சக்கரத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். ஹம்டான் அவனுக்கு 'பாக்சிக்', அதாவது மாமா.

"பாக்சிக், சக்கரம் சீரா சுத்தணும்னு ரிம்முல ஈயக்கட்டி ஒட்டினேனே, மறுபடியும் காணோம் லா!"

"நீ ஒட்டுன லட்சணம் அப்படி!" என்று எகிறினார் ஹம்டான்.

"நான் ஒட்டினா இடி விழுந்தாலும் வராது!"

"அப்ப பேயா பிச்சுச்சு?"

"உங்க ரோட்டுக் குழியைக் கேளுங்க!"

இருவரும் சட்டையைப் பிடிக்கப்போன நேரத்தில், கையில் என் உயரத்துக்கு ஒரு கொடுவா மீனோடு ரொஸ்னா வந்தார்.

"இந்தா ஆ கியோங், உனக்குத்தான். என் தூண்டிலுக்குன்னு ஒவ்வொரு தடவையும் சக்கரத்துல ஈயம் ஒட்டி அனுப்புறியே, தங்கமான பிள்ளைடா நீ! இந்தத் தடவை கொஞ்சம் பெரிசா ஒட்டு. கடல்ல இழுப்பு ஜாஸ்தி."