ஊதினால் ஐயாயிரம்

“நல்லா மூச்சை இழுத்து ஊதுங்கண்ணே.”

புகை பிடிக்கிறவரா என்று காட்டும் கருவியை ஆலை நர்ஸம்மா நீட்ட, அதில் அவர் ஊதினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு!

எரியாமல் என்ன செய்யும்? கல் அறுக்கும் மிஷினில் பதினெட்டு வருஷம் நின்றவர், சிகரெட்டைத் தொட்டதே கிடையாது. அன்று காலையில்தான் கக்கூஸுக்குப் பின்னால் போய், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட நாலு சிகரெட்டை இழுத்துத் தள்ளியிருந்தார். அதில் ஒன்றை ஃபில்டர் பஞ்சுப் பக்கம் பற்ற வைத்ததாகவும் கேள்வி.

எல்லாம், சிகரெட்டை விடுகிறவர்களுக்கு என்று முதலாளி அறிவித்த பரிசுக்காக. புகைக்கிறவர் என்று கையெழுத்துப் போட்டால் அன்றே ஐயாயிரம். மூன்று மாதம் தொடாமல் இருந்தால் இன்னும் ஐயாயிரம்.

“எத்தனை வருஷமா பிடிக்கிறீங்க?”

“இருபது இருக்கும்மா.”

“எந்த சிகரெட்?”

“அது... வெள்ளையா இருக்குமே.”

நர்ஸம்மா சிரிக்கவில்லை. “உதட்டுல கறுப்பு இல்ல, விரல்ல கறை இல்ல. கிளம்புங்க.”

“மிஷினே சொல்லுதேம்மா!”

“மிஷின் சொல்லும். நான் எழுத மாட்டேன்.”

அவர் கைகூப்பிவிட்டார். “நாளைக்குள்ள பொண்ணுக்குக் காலேஜ்ல பணம் கட்டணும். இல்லேன்னா சீட்டு போயிடும். கேக்காத இடமில்ல. ஒரே ஒரு கையெழுத்தும்மா.”

“முடியாது.”

கூப்பிய கை இறங்கியது, குரல் ஏறியது. “பெட்டி பெட்டியா ஊதுறவனுக்கு அள்ளிக் குடுக்கறீங்க, ஒழுங்கா இருந்தவனுக்குப் பட்டை நாமமா? உங்க அப்பன் வீட்டுக் காசா போகுது? நீயெல்லாம் பிள்ளை பெத்தவதானா?”

நர்ஸம்மா படிவத்தை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

“கத்தாதீங்கண்ணே. இருபது வருஷமா புகைக்கிறேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுட்டா, நாளைக்குக் கல்தூசி அடைச்சு நுரையீரல் போனாலும் ‘எங்க தூசி இல்ல, அவன் சிகரெட்டு’ன்னு சொல்லி நஷ்டஈடு இல்லாம வெளிய தள்ளிடுவாங்க. பரிசே அதுக்குத்தான். இந்த வருஷம் அப்படிப் போனது மூணு பேரு. அவங்க கையெழுத்துப் போட்ட ஃபாரத்தைத் தேடி எடுத்து முதலாளிகிட்ட குடுத்தது இதே கைதான்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே மிஷின் கல்லை அறுத்துக்கொண்டிருந்தது.

“நல்ல மனசும்மா உனக்கு. தெரியாம வாய விட்டுட்டேன்.”

“பரவாயில்லண்ணே. வீட்டுக்குப் போங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை.

“நுரையீரல் என்னிக்கோ போறது. சீட்டு நாளைக்கே போயிடும். வேற ஃபாரம் எடும்மா.”